பேடையில்லாச் சேவற்கூட்டம்



ஆங் மோ கியோ அவென்யூ 5-ஐ ஒட்டி, கெபுன் பாரு வட்டாரத்தில் ஒரு புல்வெளி இருக்கிறது. விடுமுறை நாட்களில் காலை வேளையில் அந்தப் பக்கம் நடந்து சென்றவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பார்கள். உயரமான கம்பங்கள் வரிசை வரிசையாக நட்டிருக்கும். கொடி ஏற்றுவதுபோலக் கயிற்றை இழுத்து ஒவ்வொரு கம்பத்தின் உச்சிக்கும் ஒரு கூண்டை ஏற்றுவார்கள். கூண்டுக்குள் மெர்போக் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் சின்னஞ்சிறு புறா ஒன்று இருக்கும். சற்றுத் தாழ்ந்த கொக்கிகளில் சோலைபாடிகளும், செம்மீசைச் சின்னான்களும், வெள்ளைக்கண்ணிகளும் தொங்கும். கீழே பெரியவர்கள் காப்பிக் கோப்பையும் கையுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு, எந்தப் பறவை எப்படிப் பாடுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதுதான் கெபுன் பாரு பறவைப் பாட்டு மன்றம்.

அந்தக் கூண்டுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆண் பறவைகள். பெண் பறவை அருகில் இல்லாமல், பக்கத்துக் கூண்டில் இன்னோர் ஆணின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஆண் பறவை விடாமல் பாடுகிறது. 'இது என் இடம், நீ வராதே' என்பதே அந்தப் பாட்டின் பொருள். நம் காதுக்கு அது சங்கீதம். பறவைக்கு அது எல்லைச் சண்டை. சண்டை சண்டையாக மாறாமல் பாட்டாகவே நிற்பதற்குக் காரணம், நடுவே இருக்கும் மூங்கிற் குச்சிகள்.

இந்தப் புல்வெளியிலிருந்து தெற்கே சிறிது தூரம் சென்றால் சின் மிங் அவென்யூ வரும். அங்கே 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேறொரு பறவையின் குரல் நாடாளுமன்றம் வரை போயிற்று. அது சேவலின் குரல். அந்தச் செய்திக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், இன்றைய பேச்சின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பல சேவல்களைப் பெட்டைக் கோழி இல்லாமல் ஒன்றாக வைத்து வளர்க்க முடியுமா? வளர்த்திருக்கிறார்களா? வளர்க்க வேண்டிய அவசியம் எப்போது வந்தது? கேட்பதற்குச் சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் இதற்குள் ஒரு நகரத்தின் கதையே அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கோழி பத்துக் குஞ்சு பொரித்தால் அவற்றில் ஏறத்தாழ ஐந்து சேவலாக இருக்கும். ஆனால் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தாலே போதும். அப்படியானால் மீதிச் சேவல்கள் எங்கே போயின? நம் பாட்டிமார் இந்தக் கேள்விக்கு அடுப்பங்கரையில் விடை கண்டார்கள். பெட்டை முட்டையிடும், ஆகவே அது பஞ்சாரத்துக்குள் பத்திரமாக இருக்கும். சேவல் தீபாவளிக்கோ, மாப்பிள்ளை வருகைக்கோ, குலதெய்வத்தின் படையலுக்கோ போகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேவல் மிகுதியாகிவிட்டது என்று எந்த ஊரும் கவலைப்பட்டதில்லை. குழம்புச்சட்டி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொண்டே வந்தது.

கோழி மனிதனிடம் வந்து சேர்ந்ததே இந்தத் தென்கிழக்கு ஆசிய நிலப்பகுதியில்தான். 2020-இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, 863 பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, வீட்டுக்கோழியின் மூதாதை இன்றைய தென்மேற்குச் சீனம், வடதாய்லாந்து, மியன்மார்ப் பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழி இனமே என்று காட்டியது. தாய்லாந்தில் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளே வீட்டுக்கோழி என்று உறுதியாகச் சொல்லத்தக்கவற்றுள் மிகப் பழையவை என்று 2022-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள், காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. நம் தென்னிந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோழியின் காலிலும் தோலிலும் காணும் மஞ்சள் நிறம், நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் கானக்கோழியிடமிருந்து வந்தது என்பது 2008-இல் தெரியவந்தது. ஆகவே ஆங் மோ கியோ உணவங்காடியில் கோழிச் சோறு சாப்பிடுகிறவர், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துளியையும் சேர்த்தே சாப்பிடுகிறார்!

தமிழனுக்குச் சேவல் வெறும் உணவு அன்று. முருகனின் கொடியில் சேவல் இருக்கிறது. சோழரின் பழைய தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர். யானையைச் சேவல் ஒன்று எதிர்த்து வென்ற இடம் என்பது அதற்குச் சொல்லும் கதை. இதைவிட எனக்கு வியப்பளிப்பது விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கிடைத்த நடுகல். போரில் மாண்ட வீரனுக்குக் கல் நடுவதை நாம் அறிவோம். அங்கே சுமார் கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கே கல் நட்டு, அதன் உருவத்தைச் செதுக்கி, அது முகையூர் மேற்சேரியைச் சேர்ந்தது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரும் சேரிப்பெயரும் சொல்லிச் சிறப்பிக்கும் அளவுக்கு அந்தச் சேவல் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறது.

சேவற்கட்டுக்காரர்கள்தாம் பல சேவல்களைப் பெட்டையில்லாமல் வைத்திருந்த முதல் கூட்டத்தார் என்று சொல்லலாம். காகம், வல்லூறு, கீரி, மயில் என்று நிறம் பார்த்துப் பெயரிட்டு வளர்த்தார்கள். ஆனால் அவர்கள் சேவல்களை ஒன்றாக விடுவதில்லை. ஒவ்வொன்றின் காலிலும் கயிறு கட்டி, ஒன்றின் மூக்கு மற்றொன்றின் மீது படாத தூரத்தில் முளையடித்து வைப்பார்கள். சேவற்'கட்டு' என்ற சொல்லே அவர்கள் கண்ட வழியைச் சொல்லிவிடுகிறது. சண்டைக்கென்றே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த அசில் போன்ற இனங்களை வயது வந்தபின் ஒரே தொழுவில் விட்டால், அது வளர்ப்பு ஆகாது, கொலைக்களமாகிவிடும்.

சிங்கப்பூருக்கும் இந்த விளையாட்டு வந்தது. முதல் அதிகாரியாக இருந்த ஃபார்க்குவார் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுத்து வரி வாங்கினார். ராஃபிள்சுக்கு அது பிடிக்கவில்லை. 1823-ஆம் ஆண்டு மே மாதம் அவர் வெளியிட்ட நான்காவது சட்டம், சூதாட்ட விடுதிகளோடு சேவற்சண்டைக் களங்களையும் பெயர் சொல்லித் தடை செய்தது. இந்தத் தீவின் மிகப் பழைய எழுத்துச் சட்டங்களில் ஒன்றிலேயே சேவல் இடம் பிடித்துவிட்டது பாருங்கள்! ஆனால் ராஃபிள்ஸ் கப்பலேறிச் சில வாரங்கள்கூட ஆகியிராது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற கிராஃபர்ட், வருமானத்தை எண்ணி, நகரில் பத்துச் சூதாட்ட இடங்களுக்கும், பூகிஸ் மக்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு சேவற்களத்துக்கும் மீண்டும் உரிமம் கொடுத்தார். 1829-இல் அந்த வரி முறை எடுக்கப்பட்டது. பிறகு சேவற்சண்டை தோட்டத்து மறைவிடங்களுக்குப் போய்விட்டது.

இனி, சேவல்கள் கட்டில்லாமல் ஒன்றாக வாழ்வது எப்படி என்று பார்ப்போம். இதற்கு இரண்டு பழைய வழிகள் இருந்தன. மூன்றாவது ஒன்றும் உண்டு.

முதல் வழி காயடித்தல். விதை நீக்கிய சேவல் கூவாது, சண்டையிடாது, கொண்டை வெளிறிச் சுருங்கும், உடலில் கொழுப்பு ஏறும். இருபது முப்பது சேவல்களை ஒரே பட்டியில் விட்டாலும் அமைதியாகத் தீனி தின்னும். உரோமானியர்கள் இதைச் செய்தார்கள். கி.மு. 161-இல் வந்த ஒரு சட்டம் பெட்டைக் கோழியைக் கொழுக்கவைத்து உண்பதைத் தடுத்ததால், அவர்கள் சேவலின் பக்கம் திரும்பினார்கள் என்று சொல்வதுண்டு. சட்டம் ஒரு கதவை மூடினால் நாக்கு மறு கதவைத் திறந்துவிடும்! சீனர்களிடமும் இது தொன்றுதொட்டு வந்த வழக்கம். சிங்கப்பூர், மலாயாக் கம்பங்களில் சீனப் புத்தாண்டுப் படையலுக்கென்று காயடித்த சேவலைப் பல மாதம் வளர்ப்பார்கள்.

இந்தக் காயடித்த சேவல்தான் மருத்துவத்தில் ஒரு புதிய துறைக்கே கதவு திறந்துவிட்டது என்பதை இங்கே சொல்லாமல் விடமுடியாது. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்டு பெர்டோல்டு என்னும் பேராசிரியர் இருந்தார். அவர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு முழுவதும் காயடித்து விட்டுவிட்டார். அவை எதிர்பார்த்தபடியே சாதுவாகின. மற்ற நான்கில் விதைகளை நீக்கி, ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரே ஒரு விதையை வைத்துத் தைத்தார். சிலவற்றுக்கு அதனுடையதே, சிலவற்றுக்கு வேறொரு சேவலுடையது. அந்தச் சேவல்கள் வளர்ந்து, கொண்டை சிவந்து, கூவி, பெட்டையைத் துரத்தி, ஒன்றோடொன்று சண்டையும் போட்டன. பின்னர் அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விதை நரம்புத் தொடர்பு இல்லாமல் இரத்தக் குழாய்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே, சேவலைச் சேவலாக்குவது ஏதோ ஒரு பொருள். அது இரத்தத்தின் வழியே உடலெங்கும் போகிறது என்று 1849-இல் எழுதினார். இன்று நாம் ஹார்மோன் என்கிறோமே, அதன் வரலாறு அந்தக் கோழிக் கொட்டிலில் தொடங்குகிறது. நான்கு பக்கமே கொண்ட அந்தக் கட்டுரையைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது வழி, வயது வருவதற்குள் கதையை முடித்துவிடுவது. இன்றைய கறிக்கோழிப் பண்ணையில் ஆயிரக்கணக்கான ஆண் குஞ்சுகள் ஒரே கூரையின் கீழ் சண்டையின்றி இருப்பதற்கு, அவை நல்ல குணமுடையவை என்பது காரணமன்று. ஐந்து ஆறு வாரத்தில் அவை எடை பிடித்துவிடுகின்றன; அதற்குள் அறுப்புக்குப் போய்விடுகின்றன. சேவலாக அவற்றுக்கு நேரமே கிடைப்பதில்லை.

முட்டைக் கோழியினத்தின் ஆண் குஞ்சுக்கு அந்த ஆறு வாரமும் இல்லை. அது முட்டையிடாது, சதையும் பிடிக்காது. 1920-களில் ஜப்பானிய அறிஞர்களான மசுயியும் ஹஷிமோட்டோவும், பிறந்த அன்றே குஞ்சின் அடிப்புறத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1927-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழிவளர்ப்பு மாநாட்டில் அதை வெளியிட்டார்கள். கூரிய கண்ணும் விரைந்த விரலும் உடைய ஜப்பானியத் தொழிலாளர்கள் பல நாடுகளுக்கு அழைக்கப்பட்டார்கள். அறிவியலுக்கு அது வெற்றி. ஆண் குஞ்சுக்கு அது பிறந்தநாள் அன்றே தீர்ப்பு நாள். உலகெங்கும் ஆண்டுதோறும் பல நூறு கோடி ஆண் குஞ்சுகள் இப்படி அழிக்கப்படுகின்றன. ஜெர்மனி 2022-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து இதைத் தடை செய்தது. அதன்பின் அங்கே சில பண்ணைகளில் முட்டைக் கோழிகளின் சகோதரர்களைத் தனிக் கூட்டமாக வளர்க்கிறார்கள். அந்தச் சேவல்களைச் 'சகோதரச் சேவல்' என்றே அழைக்கிறார்கள். ஆகவே, பெட்டையில்லாச் சேவற்கூட்டம் என்பது பழைய காலத்து விநோதம் அன்று. இரக்கம் சட்டமாகும் இடத்தில் அது தேவையாகிவிடுகிறது.

நம்மவரிடம் இதே இரக்கம் வேறொரு வடிவில் நெடுங்காலமாக இருந்தது. முருகனுக்குச் சேவலை நேர்ந்துகொண்டு, கோயிலில் உயிரோடு விட்டுவிடும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன். நேர்ந்துவிட்ட சேவல் அறுப்புக்குப் போகாது. ஒருவர் விட்ட சேவலும் இன்னொருவர் விட்ட சேவலும் ஒரே பிராகாரத்தில் நடமாடும். அவற்றிடையே பெட்டை இராது. யாரும் முருகனுக்குப் பெட்டைக் கோழியை நேர்ந்துகொள்வதில்லை அல்லவா? அங்கே எப்படி அமைதி நிலவுகிறது?

இதுதான் மூன்றாவது வழி. இதை விளக்கியவர் தோர்லீஃப் ஷெல்டெரப் எபே என்னும் நார்வேக்காரர். சிறுவனாக இருந்தபோதே தம் வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தவர். 1922-இல் அவர் வெளியிட்ட முடிவு இன்று எல்லாருக்கும் தெரிந்தது: ஒவ்வொரு கோழிக்கூட்டத்திலும் ஒரு கொத்து வரிசை உண்டு. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். கடைசிக் கோழி யாரையும் கொத்த முடியாது. வரிசை ஒருமுறை தீர்மானமாகிவிட்டால் சண்டை குறைந்துவிடும். ஒரு பார்வை, கழுத்தின் ஓர் அசைவு போதும், தாழ்ந்தது ஒதுங்கிக்கொள்ளும். நம் அலுவலகங்களிலும் இதைக் காணலாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சேவல்களிடையே இந்த வரிசை கடுமையானது. பெட்டை கண்ணில் படும் வரையில் அது ஓயாமல் சோதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பெட்டையை அகற்றிவிட்டால் போட்டிக்கு உரிய பொருள் போய்விடுகிறது. வரிசை மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் ஒரே அடையில் பொரித்த சேவல்களைக் குஞ்சுப் பருவம் முதல் பிரிக்காமல், பெட்டையைக் காணாமலும் அதன் குரலைக் கேளாமலும் வளர்த்தால், அவை ஒன்றாகக் காலம் தள்ளுகின்றன. ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே நான்கு சேவலை ஒரு கூட்டில் அடைத்துவிட வேண்டாம். இடம் தாராளமாக வேண்டும். தோற்ற சேவல் ஓடி ஒளிய ஒரு பலகையோ புதரோ வேண்டும். ஓட இடமில்லாத மூலையில்தான் உயிர்ச்சேதம் நேர்கிறது. தீனியும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருந்தால் முதல் சேவல் அதை மறித்துக்கொள்ளும். நான்கைந்து இடங்களில் வைக்க வேண்டும். நோய் கண்டு ஒரு சேவலை எடுத்துச் சில நாள் கழித்துத் திரும்ப விட்டால், அது பழைய நண்பனாக வரவேற்கப்படாது, அந்நியனாகவே நடத்தப்படும். கொண்டையில் இரத்தம் கண்டால் உடனே பிரிக்க வேண்டும், ஏனெனில் சிவப்பைக் கண்டால் மற்றவையும் அங்கேயே கொத்தும். இவ்வளவு செய்தும் சில சேவல்கள் ஒத்துப்போகமாட்டா. அவற்றுக்குத் தனிக்கூண்டுதான்.

இனி ஆங் மோ கியோவுக்குத் திரும்புவோம்.

1970-களுக்கு முன் இந்த வட்டாரம் ரப்பர் மரங்களும், காய்கறித் தோட்டங்களும், கோழி, பன்றிப் பட்டிகளும், கம்பத்து வீடுகளுமாக இருந்தது. 'ஆங் மோ' என்றால் ஹொக்கியன் மொழியில் செம்முடி, அதாவது வெள்ளைக்காரன். 'கியோ' என்றால் பாலம். வெள்ளைக்காரன் பாலம் என்பது மக்கள் சொல்லும் பொருள். தக்காளியைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலியுடையது என்பதால் வேறு விளக்கம் சொல்வாரும் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1973-இல் இங்கே புதுநகரம் கட்டத் தொடங்கியது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வாழ்கிறார்கள்.

கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்குப் போனபோது மனிதர் மட்டும் போகவில்லை. மறைந்த முதற் பிரதமர் லீ குவான் யூ 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். சிலர் பன்றிகளைப் படிக்கட்டில் ஏற்றப் பார்த்தார்களாம். ஓல்டு ஏர்போர்ட் ரோடு அடுக்குமாடிக்குக் குடிபோன ஒரு குடும்பத்தில் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்கள் ஒரு டசன் கோழிகளையும் வாத்துகளையும் கூடவே கொண்டுபோய்ச் சமையலறையில் வளர்த்தார்கள். அவை கூடத்துக்குள் வராமலிருக்கத் தாயார் சமையலறை வாசலில் மரக்கதவு ஒன்று போட்டுவைத்தார். மாலையில் பிள்ளைகள் கீழே புல்தரையில் மண்புழுவும் பூச்சியும் தேடிக்கொண்டு வருவார்கள். பத்தாண்டுகள் இப்படி நடந்ததாம். இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மண்ணை விட்டு மாடிக்குப் போன ஒரு தாய், தனக்குத் தெரிந்த வாழ்க்கையில் ஒரு கூடையளவாவது தன்னோடு எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான்.

அப்படி எடுத்துச் சென்றவர்களும் சேவலை அதிக நாள் வைத்திருக்க முடிந்திராது. பெட்டை முனகும், அடுத்த வீட்டுக்குத் தெரியாது. சேவல் பத்தாம் மாடியில் கூவினால் எதிர் புளோக்கில் இருப்பவருக்கும் தூக்கம் கெடும். கூவும் சேவலின் தலையருகே ஒலி 100 டெசிபலைத் தாண்டுகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சேவல் வாயை அகலத் திறக்கும்போது அதன் காதுத் துவாரம் தானாக அடைபட்டுக்கொள்கிறதாம். அதனால் அது தன் கூவலால் தானே செவிடாவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு இயற்கை அந்த வசதியைச் செய்து தரவில்லை. வீவக வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. பிறகு 1990-களின் தொடக்கத்தில் ஈரச் சந்தைகளில் உயிர்க்கோழி அறுப்பதும் நின்றது. தேக்கா சந்தையில் கூடைக்குள் கைவிட்டு, காலைப் பிடித்துத் தூக்கி, எடை பார்த்து வாங்கிய காலம் முடிந்தது. 1997-இல் ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சல் மனிதரைத் தாக்கி, 18 பேருக்குத் தொற்றி, 6 பேர் மாண்டபோது, அங்கே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொன்றார்கள். அதன்பின் நகரத்தில் சுற்றித் திரியும் கோழியை அதிகாரிகள் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

இவ்வளவுக்கும் இடையில் சின் மிங் அவென்யூவின் புல்தரைகளில் கோழிகள் தாமாகவே பெருகின. யாரும் அவற்றைப் பிடித்துக் குழம்பு வைக்கவில்லை. முன்னே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். பத்துக்கு ஐந்து சேவல். கணக்கைச் சரிசெய்யும் குழம்புச்சட்டி இல்லை. ஆகவே கூவல் கூடியது. 2016-ஆம் ஆண்டில் தீவு முழுவதிலிருந்தும் இத்தகைய கோழிகளைப் பற்றிச் சுமார் 250 புகார்கள் வந்ததாக வேளாண்-உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் கூறியது. பெரும்பாலும் சத்தத்தைப் பற்றியவை. 2017-இன் தொடக்கத்தில் சின் மிங் பகுதியில் 24 கோழிகள் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டன.

செய்தி வெளியானதும் எழுந்த கொந்தளிப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கோழிகளோடு பழகியிருந்த குடியிருப்பாளர்கள் வருந்தினார்கள். பிள்ளைகளுக்குக் காட்டிச் சோறூட்டிய கோழிகள் அவை. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. நோயபாயம் பற்றி அரசு தரப்பு விளக்கியது. தீவின் காடுகளில் வாழும் உண்மையான செங்காட்டுக்கோழி வேறு, சின் மிங் கோழி வேறு என்றும் சொல்லப்பட்டது. அப்படியானால் புலாவ் உபின் தீவில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று பலர் கேட்டார்கள். அங்கேதான் சிக்கல். உபினில் காட்டுக்கோழி வாழ்கிறது. வீட்டுக்கோழியின் இரத்தம் அதில் கலந்தால் காட்டினம் கெட்டுவிடும். இது வீண் அச்சம் அன்று என்பதைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் மரபணு கொண்டு காட்டினார்கள். சிங்கப்பூர்க் காட்டுக்கோழிகளில் வீட்டுக்கோழிக் கலப்பு இடத்துக்கு இடம் ஏறியிறங்குவதை 2020-இல் வெளியிட்டார்கள். நூறாண்டுக்கு முந்திய அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்டு, இந்தக் கலப்பு அண்மைக் காலத்தில் ஆசியா முழுவதும் பெருகியிருப்பதை 2023-இல் காட்டினார்கள்.

இருதரப்பிலும் நியாயம் இருந்தது என்பதுதான் இந்த வழக்கின் வேதனை. இரவு வேலை முடித்து வந்து காலையில் கண்ணயரும் ஒருவருக்குச் சேவற்கூவல் கவிதையாகத் தோன்றாது. பிரான்சில் ஒரு சேவலின் கூவல் பற்றிய வழக்கு 2019-இல் நீதிமன்றத்துக்குப் போய், சேவலின் பக்கம் தீர்ப்பாயிற்று. 2021-இல் நாட்டுப்புறத்து ஒலிகளையும் மணங்களையும் பாரம்பரியமாகக் காக்கும் சட்டமும் அங்கே வந்தது. ஆனால் அது வயல்வெளி நாடு. இங்கே சன்னலுக்கு எதிரே சன்னல். என் கருத்தைக் கேட்டால், அந்த 24-ஐக் கொல்வதற்கு முன் குடியிருப்பாளரோடு கலந்து பேசியிருக்கலாம் என்பேன். முட்டைகளை அவ்வப்போது எடுத்துவிட்டாலே பெருக்கம் குறைந்திருக்கும். சேவல்களை மட்டும் பிரித்து, பெட்டையில்லாமல், வீடுகளுக்குத் தொலைவில் வலையிட்ட இடத்தில் விட்டிருந்தால், குஞ்சுக்கும் வழியில்லை, காட்டினத்தோடு கலப்புக்கும் வழியில்லை. செலவு ஆகும் என்பது உண்மை. 2019 ஏப்ரலில் அந்த ஆணையம் கலைக்கப்பட்டு, விலங்குகள் பற்றிய பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்துக்கு வந்தது.

புகார் கொடுத்தவர்களைப் பெரிதும் வருத்தியது, விடியுமுன்னே தொடங்கிவிடும் கூவல். இதைப் பற்றி ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தில் ஷிம்முரா, யோஷிமுரா ஆகியோர் செய்த ஆய்வைச் சொல்லி முடிக்கிறேன். சேவல்களை எப்போதும் ஒரே மங்கலான வெளிச்சத்தில் வைத்தார்கள். விடியலே இல்லாத அறையிலும் அவை ஏறத்தாழ 24 மணிக்கு ஒருமுறை கூவின. கடிகாரம் உள்ளேயே இருக்கிறது என்பது 2013-இல் தெரிந்தது. பிறகு சில சேவல்களைச் சிறு சிறு கூட்டமாகச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவு இது. முதலில் கூவும் உரிமை வரிசையில் முதலாவது நிற்கும் சேவலுக்கே. அதன் உள்கடிகாரம் எப்போது எழுப்புகிறதோ அப்போது அது கூவும். இரண்டாவது சேவல் விழித்திருந்தாலும் காத்திருக்கும், அது கூவியபின் இது கூவும், பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது.

முதற் சேவலைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். கூவல் நிற்கவில்லை. இரண்டாவதாக நின்ற சேவல் முதலாவதாகக் கூவத் தொடங்கியது.